நத்தம் கணவாயில் மீண்ட தெய்வங்கள்



வேல் ஏந்திய நாட்டுப்புற மக்கள் பீரங்கிப் படையை எதிர்க்கத் துணிவது எப்போது? மாதவரத்தில் வரலாறு கற்பித்த நாளில், இவ்வினாவுக்கு விடையாக நான் எடுத்துக்காட்டியது 1755ஆம் ஆண்டு மதுரைச் சீமையில் நடந்த நிகழ்ச்சியாகும்.

ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் பெருங்கடன் பட்டிருந்தார். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் கப்பம் தண்டினால் அக்கடன் தீரும் என்பது எண்ணம். எனவே கர்னல் ஹெரான் தலைமையில் ஏறத்தாழ 500 ஐரோப்பியரும் 2,000 சிப்பாய்களும் தெற்கே புறப்பட்டனர். மதுரை எதிர்ப்பின்றிப் பணிந்தது. அதன் ஆளுநர் கோயில்குடிக் கோயிலில் புகலடைந்தார். படை அங்கும் தொடர்ந்து, கதவுக்குத் தீயிட்டு, உட்புகுந்து கொள்ளையிட்டது. வழிபாட்டுத் திருமேனிகளும் மூட்டைகளில் ஏறின.

அவ்வட்டாரக் கள்ளர் நாட்டு மக்கள் உழவும் காவலும் தொழிலாக உடையோர். கப்பம் கேட்டவனையே பொறாதவர்கள், தெய்வத்தைக் கவர்ந்தவனை எங்ஙனம் பொறுப்பர்? காலம் பார்த்துக் காத்திருந்தனர். மே மாத இறுதியில் படை திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் நுழைந்தது. இருமருங்கும் அடர்காடு. பாரவண்டி ஒன்று சேற்றில் அழுந்தவே, முன்னணி அகன்றுபோகப் பின்னணி தனித்து நின்றது. அவ்வேளையில் மக்கள் காட்டினின்றும் பாய்ந்து தாக்கினர். தம் தெய்வங்களை மீட்டுச் சென்றனர்.

இதனை எழுதிவைத்தவர் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம். அம்மக்களை இகழ்ந்து எழுதியவரே இம்மீட்பையும் மறைக்காது குறித்தார். மாற்றார் தரும் சான்றுக்கு மதிப்பு மிகுதி அன்றோ?

கடல் கடந்தும் இதனை ஒத்ததொன்று உண்டு. பிரான்சோடு போரிட்ட ஸ்பெயின் அரசு, கத்தலோனியாவின் குடியானவர் வீடுகளில் படைவீரரைத் தங்கவைத்து, உணவுச் சுமையையும் அவர்கள்மேல் ஏற்றியது. 1640 மே மாதம் ரியுதரேனஸ் என்னும் சிற்றூரின் தேவாலயத்தை வீரர்கள் எரித்தனர். ஜூன் 7ஆம் நாள் பார்சலோனாவில் கதிர் அறுக்கும் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர்; அரசப் பிரதிநிதி உயிரிழந்தார். ஆயினும் 1652இல் அந்நகர் மீண்டும் பணிந்தது.

இங்கு நிகழ்ந்தது என்ன? ஹெரானைச் சென்னையில் விசாரித்துப் பணியினின்றும் நீக்கினர். ஆனால் 1756இல் யூசுப்கான் அதே வரியைத் தண்டத் தெற்கே அனுப்பப்பட்டார். தண்டனை பெற்றது ஓர் ஆள், முறை மாறவில்லை.

அரசின் கடனுக்கும் போருக்கும் ஊரின் களஞ்சியமும் கோயிலும் ஈடாகும்போது, படையே தனக்குப் பகையைத் தேடிக்கொள்கிறது. மன்னர் பெயர்களையும் போர் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்யும் நீங்கள், அப்படைகளுக்குச் சோறிட்டவர் யார் என்றும் கேளுங்கள். வரலாற்றின் உயிர் அக்கேள்வியில்தான் இருக்கிறது.