ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்குத் தரகர் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய, குடிநோயாளிகளின் தன்னுதவிக் குழு. கட்டணம் கிடையாது, குடியை விடும் விருப்பம் ஒன்றே தகுதி. பெயரை மட்டும் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று பேசத் தொடங்குவது கூட்ட வழக்கம். மனமில்லாதவர் கேட்டுக்கொண்டு உட்காரலாம். வெறும் பேச்சு என்ன செய்துவிடும் என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் 27 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2020ஆம் ஆண்டு மதிப்பாய்வு, இக்குழுவில் சேர முறைப்படி வழிகாட்டும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காதிருக்கச் செய்வதில் அறிதல்-நடத்தைச் சிகிச்சை போன்றவற்றைவிட மேலானது எனக் கண்டது. ஆக, குழுவின் முகவரியைக் குடிநோயாளியிடம் எழுதிக் கொடுத்து அனுப்பினால் போதாது. முதல் கூட்டத்துக்குத் துணைக்கு ஆள் போவது நல்லது. குழுவில் வரும் கடவுள் பேச்சு உறுத்துகிறது என்பவர்களும் உண்டு. குடியிலிருந்து மீள இக்குழு வகுத்த பன்னிரண்டு படிகள் அவரவர் புரிந்துகொண்ட கடவுளையே சொல்கின்றன. நாத்திகரின் தயக்கம் அதனால் முழுதும் தீர்ந்துவிடாது. ஓர் எச்சரிக்கையும் உண்டு: நெடுங்காலக் குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். அப்படிப்பட்டவர் முதலில் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.