வெட்டியான் வேலையும் மூணு சட்டமும்

இங்கிலாந்து, அமெரிக்காவில் சாவுக் காரியம் செய்து கொடுப்பது பல ஊர்களில் குடும்ப வியாபாரம். சவப்பெட்டி செய்த தச்சர் அப்படியே அடக்கம் பண்ணுவதையும் சேர்த்துக்கிட்டார். பேரன் காலத்திலும் போர்டில் 'அன்ட் சன்ஸ்' இருக்கும்.

நம்ம சேலம், நாமக்கல் பக்கத்து கிராமங்களிலும் இது குடும்பத் தொழில்தானுங்க. போர்டுதான் கிடையாது. வெட்டியானுக்கு மகன், அவருக்குப் பிறகு அவர் மகன்.

லேசுப்பட்ட வேலையும் இல்லை. புதைப்பதென்றால் குழி வெட்டணும். எரிப்பதென்றால் விறகும் வறட்டியும் அடுக்கி, வைக்கோல் பரப்பி, மேலே சேறு பூசி, புகை போக ஓட்டை விடணும். காற்று அதிகமானால் சீக்கிரம் எரிஞ்சு அடங்கிடும், குறைஞ்சால் பாதியில் நின்றுடும். நாமெல்லாம் தீ வெச்சுட்டுத் திரும்பிப் பார்க்காம வந்துடுவோம். ராத்திரி காவல் அவருக்கு. மறுநாள் பால் தெளிக்கப் போனால் எலும்பு பொறுக்கித் தருவதும் அவரே. கூலி? அரிச்சந்திரன் கதையில் வர்ற அதே கால்பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி. அறுவடைக் களத்தில் கொஞ்சம் தானியம்.

இதை வெறும் ஊர் வழக்கம்னுதான் பலரும் நினைக்கிறாங்க. சட்டமும் இருந்தது! 1895-ல் சென்னை மாகாண அரசு பரம்பரை கிராம உத்தியோகச் சட்டம் கொண்டு வந்தது. அதன் பட்டியலில் மணியக்காரர், கணக்குப்பிள்ளையோடு வெட்டி, தோட்டியும் உண்டு. வெட்டியானுக்கு அப்போ சுடுகாடு மட்டுமில்லை, வரி கட்ட ஆள் கூப்பிடுவது, தண்டோரா போடுவது என்று சர்க்கார் வேலையும் இருந்தது.

இந்தச் சட்டத்தில் ஓட்டை போட்டவர் ஆந்திராவைச் சேர்ந்த கசுலா தசரத ராமாராவ். ஒரு கிராம முன்சீப் பதவிக்காக வழக்குப் போட்டார். பிறப்பைப் பார்த்து அரசு வேலை கொடுப்பது அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவுக்கு விரோதம்னு 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

பிறகு தமிழ்நாட்டில் தலையாரி, வெட்டி எல்லாரும் 1995-ல் 'கிராம உதவியாளர்' ஆனாங்க, முறையான சம்பளத்தோடு. நல்ல விஷயம்தான். ஆனா கவனிச்சுப் பாருங்க. தாலுகா ஆபீஸ் பக்கத்து வேலைக்கு சம்பளம் வந்தது. சுடுகாட்டு வேலை மட்டும் பழையபடி ஊர் கொடுக்கிற காசுக்கே, அதே தெருவுக்கே நின்னுபோச்சு. பரம்பரை உரிமை சட்டத்திலிருந்து போன பிறகும் பரம்பரைக் கடமை போகலை.

மூணாவது சட்டம் வர ரொம்ப நாளாச்சு. 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-ல் திருத்தினாங்க. பட்டியல் சாதி, பழங்குடியினரை பிணம் தூக்க வைப்பதும் குழி வெட்ட வைப்பதும் இப்போ குற்றம். 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கு. வாரிசுக்கே வேலைன்னு எழுதின 1895-க்கும் இதுக்கும் நடுவில் 120 வருஷம்.

டவுன்களில் எரிவாயு தகன மேடை வந்தாச்சு. ரசீது தர்றாங்க. வெட்டியான் என்ற சொல்லுக்குப் பதில் மயானப் பணியாளர். சரி, அந்த மேடையில் நிற்பவர் எந்தத் தெருவிலிருந்து வர்றார்? படிச்ச மகன் "நான் வரமாட்டேன்"னு சொன்னா ஊர் சும்மா இருக்குதா? என்னைக் கேட்டா, சட்டம் நடக்குதா இல்லையான்னு பார்க்க இந்த ரெண்டு கேள்வி போதும்.

உங்க ஊர்ல எப்படின்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க.