மூன்று புலி, பதினைந்து ஆடு

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டம் நடத்துகிறவர்களுக்குத் தெரிந்த தலைவலி இது. ஒற்றை டிராகனை எவ்வளவு பலசாலியாக வைத்தாலும், நாலு வீரர்கள் சேர்ந்து சீக்கிரமே சாய்த்துவிடுவாங்க. அது ஒரு தடவை அடிப்பதற்குள் இவர்களுக்கு நாலு முறை வந்துவிடும். 1974இல் வெளிவந்த ஆட்டம் அது. எதிரிகளுக்கு முறையான 'சவால் மதிப்பு' 2000இல்தான் வந்தது. 2014 பதிப்பில், எதிரிகளின் எண்ணிக்கை கூடினால் ஆபத்தையும் பெருக்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

பசுமலை மாதிரி மதுரையை ஒட்டின ஊர்களில் தரையில் கரிக்கோடு கிழித்து ஆடும் ஆடுபுலி ஆட்டத்துக்கும் இதே சிக்கல்தான். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது; கூடி நின்று அடைக்கத்தான் தெரியும். ஆனால் பதினைந்தும் இறங்கி முடியும்வரை ஓர் ஆடுகூட நகரக் கூடாது. கூட்டத்தின் பலத்துக்குப் போட்ட கடிவாளம் அது. நேபாளத்து 'பாக்சாலில்' 4 புலி, 20 ஆடு. கணினியில் ஆராய்ந்தபோது, இரண்டு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் சமன் என்று வந்தது.

தமிழ்நாட்டுக் கோயில் மண்டபத் தரைகளில் இந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மேலே கிரானைட் பதித்தால் அது போச்சு. கல் தப்பித்தாலும், அதில் இருப்பது கோடு மட்டும்தான். 'நகரக் கூடாது' என்கிற விதி ஆடுகிறவர் வாயில்தான் இருக்கு. ஆடத் தெரிந்த பாட்டி இருக்கும்போதே, எதிரே உட்கார்ந்து ஒரு ஆட்டம் தோற்றுவிடுங்க.