கோடு ஓரிடம், குடி ஓரிடம்

2017 ஜூன் மாதம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகருக்கு வடக்கே உள்ள ஆறாவது தொகுதியில் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களில் ஒரே ஓர் இடத்துக்காக இரு தரப்பும் சேர்ந்து 5 கோடி டாலருக்கு மேல் கொட்டின. அந்தச் சபைக்கு அதுவரை நடந்த எந்தத் தேர்தலிலும் இவ்வளவு பணம் இறங்கியதில்லை. பத்திரிகைகளில் அப்போது அடிக்கடி வந்த கதை இது: சபையின் முன்னாள் சபாநாயகர் நியூட் கிங்ரிச்சின் பழைய தொகுதி, 1979 முதல் குடியரசுக் கட்சியின் கோட்டை, இப்போது ஆட்டம் காண்கிறது. கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் 1978இல் கிங்ரிச்சை முதன்முதலாக வெற்றிபெற வைத்த ஊர்கள் அட்லாண்டாவுக்குத் தெற்கிலும் மேற்கிலும் கிடந்தன. 2017இல் வாக்களித்த ஊர்களோ வடக்கே இருப்பவை. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஆறு என்ற எண் மட்டும்தான். ஒரே ஊர்க்காரர்கள் நாற்பதாண்டுகளில் மனம் மாறிய கதையாக இதைப் படிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். தொகுதி எல்லையைத் தங்களுக்குச் சாதகமாக வளைத்த அரசியல்வாதிகளின் வெற்றிக் கதையாகப் படித்தாலும் கணக்கு இடிக்கும். அவர்கள் போட்ட கோடுகளைவிட, யார் எங்கே வீடு வாங்கினார்கள் என்பதுதான் இத்தொகுதியின் அரசியலை அதிகம் தீர்மானித்திருக்கிறது.

முதலில் ஆறாவது தொகுதியில் புறநகர் என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. 1933 முதல் 1965 வரை அதன் உறுப்பினராக இருந்தவர் மில்லெட்ஜ்வில் ஊர்க்காரரான கார்ல் வின்சன். மாநிலத்தின் நடுப்பகுதிக் கிராமங்களும் சிறுநகரங்களும் அவருடையவை. 1914இல் சபைக்குள் நுழைந்து ஐம்பதாண்டு அங்கேயே இருந்தார். ஜார்ஜியாவில் அப்போது ஜனநாயகக் கட்சி மட்டுமே கட்சி; அதன் உட்கட்சித் தேர்தலே உண்மையான தேர்தல்; 1940களின் நடுப்பகுதி வரை அதில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. வெள்ளையர்களுக்குள்ளும் நகரத்தானுக்கு மதிப்புக் குறைவு. மாநிலப் பதவிகளுக்கான உட்கட்சித் தேர்தலில் மாநிலத்தின் உட்பிரிவான ஒவ்வொரு கவுண்டிக்கும் இத்தனை ‘யூனிட்’ என்று ஒதுக்கியிருந்தார்கள்: அட்லாண்டாவைக் கொண்ட ஃபுல்டனுக்கு 6, ஆள் நடமாட்டமே இல்லாத குட்டிக் கவுண்டிக்கும் 2. மூன்று குக்கிராமக் கவுண்டிகள் கைகோத்தால் மாநிலத் தலைநகருக்குச் சமம். நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லைகளோ 1931க்குப் பிறகு முப்பதாண்டுக்கு மேல் திருத்தப்படவே இல்லை. நகரம் வீங்க வீங்க, பழைய எல்லையைத் தொடாமல் வைத்திருந்தாலே கிராமத்தின் பிடி இறுகும்; அதற்கு எந்தச் சாமர்த்தியமும் தேவையில்லை.

அந்தச் சோம்பேறித் தந்திரத்தை 1964 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உடைத்தது. வழக்கே ஜார்ஜியாவிலிருந்து போனதுதான். அட்லாண்டாவை உள்ளடக்கிய ஐந்தாவது தொகுதியில் 8,23,680 பேர்; வடக்கே மலைப்பகுதியில் இருந்த ஒன்பதாவது தொகுதியில் 2,72,154 பேர்; இரண்டுக்கும் ஆளுக்கொரு உறுப்பினர். ஒரு மாநிலத்துக்குள் தொகுதிகளின் மக்கள்தொகை கூடியமட்டும் சமமாக இருக்க வேண்டும் என்று வெஸ்பெரி எதிர் சாண்டர்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. இதன் பலன் நீதிபதிகள் நினைத்ததைவிடச் சிக்கலானது. பத்தாண்டுக்கொரு முறை, கணக்கெடுப்பு முடிந்ததும், கோடுகளைத் திருத்தியே ஆக வேண்டும் என்றாயிற்று. ஜார்ஜியாவில் அவற்றைத் திருத்துவது நம் நாட்டைப் போலத் தனி ஆணையம் அல்ல. மாநிலச் சட்டமன்றத்தில் பெரும்பான்மை வைத்திருக்கும் கட்சி. சமத்துவத்துக்காக வந்த தீர்ப்பு அரசியல்வாதிகள் கையில் பேனாவையும் கொடுத்துவிட்டது.

வின்சன் ஓய்வுபெற, ஆறாம் எண் இடம்பெயர்ந்து கிரிஃபின் ஊர்க்காரரான ஜான் ஃப்ளின்டிடம் போனது. பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்ற தீர்ப்பை எதிர்த்துத் தெற்கத்திய உறுப்பினர்கள் 1956இல் வெளியிட்ட அறிக்கையில் கையெழுத்திட்டவர் அவர். பழைய பாணி அரசியல்வாதி. நீதிமன்ற வளாகத்தில் நின்று கைகுலுக்கினால் போதும் என்றிருந்த காலத்து ஆள். ஆனால் புதிய தொகுதியின் ஓர் ஓரம் அட்லாண்டா விமான நிலையத்தை உரசிக்கொண்டிருந்தது. அங்கே முளைத்த வீட்டுமனைகளில் குடியேறியவர்களுக்கு ஃப்ளின்ட் யாரென்றே தெரியாது. கேரல்டன் ஊரில் மேற்கு ஜார்ஜியா கல்லூரியில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்த கிங்ரிச் இதைத்தான் கண்டுகொண்டார். 1974இலும் 1976இலும் நின்று தோற்றார். இரண்டு முறையும் கிடைத்தது 48 சதவீதத்துக்குச் சற்று மேல். முதல் ஆண்டு வாட்டர்கேட் ஊழலின் நிழல், அடுத்த முறை ஜார்ஜியாவின் சொந்த மகன் கார்ட்டர் அதிபர் வேட்பாளர். குடியரசுக் கட்சிக்காரர் தலைதூக்கவே முடியாத அந்த இரண்டு ஆண்டுகளில் இவ்வளவு வாக்கு வந்தது பேச்சுத் திறமையால் மட்டும் அல்ல. 1978இல் ஃப்ளின்ட் விலகிக்கொண்டதும் கிங்ரிச் வென்றார்.

வென்ற பிறகும் அவருக்கு அது பாதுகாப்பான இடமாக அமையவில்லை. 1989இல் கட்சியின் கொறடா ஆகி வாஷிங்டனில் பெரிய ஆளாகிவிட்டார். 1990இல் சொந்த ஊரில் கிட்டத்தட்டக் கவிழ்ந்தார். ஈஸ்டர்ன் விமான நிறுவனத்தின் வேலைநிறுத்தத்தில் அவர் தலையிடவில்லை என்று விமான நிலையத் தொழிலாளர்கள் கொதித்திருந்தார்கள். அவர்களில் பலர் குடியிருந்த கிளேட்டன் கவுண்டி அவருடைய தொகுதிக்குள் இருந்தது. உறுப்பினர்கள் தங்களுக்கே சம்பளம் உயர்த்திக்கொண்ட விவகாரம் வேறு. 1,56,000க்கு மேற்பட்ட வாக்குகளில் 974 வாக்கு வித்தியாசத்தில் தப்பினார். ஜார்ஜியாவின் பத்து உறுப்பினர்களில் அப்போது குடியரசுக் கட்சிக்காரர் அவர் ஒருவரே. மாநிலச் சட்டமன்றத்தின் சபாநாயகர் டாம் மர்ஃபி, பிரெமன் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சிக்காரர், கிங்ரிச் மீதான வெறுப்பை மறைத்ததே இல்லை. 1990 கணக்கெடுப்புக்குப் பிறகு கோடு போடும் வேலை வந்தது. கிங்ரிச்சின் தொகுதியைத் துண்டு துண்டாக்கி அக்கம்பக்கத்துத் தொகுதிகளுக்குப் பங்கிட்டார்கள். ஆறு என்ற எண்ணைத் தூக்கி அட்லாண்டாவின் வடக்கே, காப் கவுண்டிப் பக்கம் வைத்தார்கள்.

மர்ஃபியின் திட்டம் மயிரிழையில் தவறியது. காப் கவுண்டிக்கு வீடு மாறிய கிங்ரிச் 1992 உட்கட்சித் தேர்தலில் வெறும் 980 வாக்குகளில் கரையேறினார். உறுப்பினர்களுக்கான சபை வங்கியில், கணக்கில் பணமில்லாமலே அவர் 22 காசோலைகள் கொடுத்த கதையை எதிராளி வானொலிப் பாட்டாகவே ஒலிபரப்பினார். ஆனால் அந்தக் கண்டத்தைத் தாண்டியபின், அவர் வாழ்நாளில் கண்டிராத பத்திரமான தொகுதி அவர் கையில் இருந்தது. 1994இல் 64 சதவீத வாக்கு. 1995 ஜனவரியில் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர். ஒழிக்கப் போட்ட கோடு ஆசனம் போட்டுக் கொடுத்தது. அதே 1994 தேர்தலில் ஜார்ஜியாவின் 11 இடங்களில் ஏழு குடியரசுக் கட்சிக்குப் போயின. என் வாதத்துக்கு ஒரு மறுப்பு உண்டு: வாக்குரிமைச் சட்டத்தின்படி மூன்று தொகுதிகளில் கறுப்பினத்தவரைப் பெரும்பான்மையாக்கியதால் சுற்றியிருந்த தொகுதிகள் வெளுத்துப்போய்க் குடியரசுக் கட்சிக்குச் சாய்ந்தன, ஆகவே இதுவும் கோட்டின் வேலைதான் என்பார்கள். மற்றத் தொகுதிகளுக்கு இது பெருமளவு பொருந்தும். காப் கவுண்டியை மட்டும் எப்படி வெட்டியிருந்தாலும் அன்று வேறு கட்சி வென்றிருக்காது.

ஏனென்றால் அந்தக் கவுண்டி உருவான விதம் அப்படி. 1940இல் காப் கவுண்டியில் 38,272 பேர். போர்க்காலத்தில் மரியெட்டாவில் பி-29 குண்டுவீச்சு விமானங்களுக்கு ஆலை வந்தது; 1951இல் அதே இடத்தில் லாக்ஹீட் நிறுவனம் கடை விரித்தது. 1970இல் மக்கள்தொகை இரண்டு லட்சத்தை நெருங்கியது, 1990இல் 4,47,745. நல்ல சம்பளம், பாதுகாப்புத் துறை ஒப்பந்தங்கள், புதிய நெடுஞ்சாலை, புதிய பள்ளி. இவற்றோடு சேர்ந்து வந்தது இன்னொன்று: அட்லாண்டாவில் பள்ளிகளும் பேருந்துகளும் கறுப்பினத்தவருக்குத் திறக்கத் திறக்க, அங்கிருந்து வெளியேறிய வெள்ளையர்கள். 1965இல் அட்லாண்டாவின் பொதுப் போக்குவரத்து அமைப்பில் சேர மறுத்து வாக்களித்தது காப் கவுண்டி. அந்த வண்டி ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வராமலிருக்க சட்டஹூச்சி ஆற்றில் கடித்துக் குதறும் பிரானா மீன்களை விடவும் தயார் என்று ஒரு கவுண்டி ஆணையர் சொன்னது இன்றும் அங்கே பேசப்படுகிறது. நகரத்து வரி வேண்டாம், நகரத்து ரயில் வேண்டாம் என்று வந்தவர்களிடம் சிறிய அரசு, குறைந்த வரி என்று பேசியவருக்கு உழைப்பே தேவைப்படவில்லை. 1999இல் கிங்ரிச் விலகியதும் அந்த இடத்துக்கு வந்த ஜானி ஐசக்சன், வடக்குப் புறநகரில் வீடு விற்கும் பெரிய நிறுவனமொன்றை நடத்தியவர். தொகுதியைக் கட்டிய தொழிலிலிருந்தே அதன் உறுப்பினரும் வந்தார். மர்ஃபியின் முடிவையும் இங்கேயே சொல்லிவிடலாம்: புறநகர் வீடுகள் மேற்கே பரவி அவருடைய பகுதியையும் எட்டின, 2002இல், தன் கட்சியே வரைந்த வரைபடத்தில், குடியரசுக் கட்சிக்காரரிடம் சட்டமன்ற இடத்தை இழந்தார்.

இனி 2017க்கு வரலாம். இங்கேதான் என் வாதத்துக்குக் கடினமான கேள்வி எழுகிறது. 2012 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி இத்தொகுதியில் 23 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் முன்னிலை பெற்றார். நான்கே ஆண்டில் டிரம்ப்பின் முன்னிலை ஒன்றரைப் புள்ளியாகச் சுருங்கியது. கோடு மாறவில்லை, நான்காண்டில் அவ்வளவு பேர் குடிபெயரவும் முடியாது. பட்டதாரி வெள்ளையர்கள் மனம் மாறியதுதானே இது? மாறினார்கள்தான். ஆனால் அதே நாளில், அதே வாக்குச்சாவடிகளில், சபைக்கான தேர்தலில் குடியரசுக் கட்சியின் டாம் பிரைஸ் பழைய 23 புள்ளியிலேயே வென்றார். முகம் சுளித்தது ஒரு மனிதரைப் பார்த்து; கட்சியை அவர்கள் இன்னும் கைவிட்டிருக்கவில்லை. 2017 இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சியின் காரன் ஹேண்டல் ஜனநாயகக் கட்சியின் ஜான் ஆசாஃபை ஏறக்குறைய நான்கு புள்ளியில் வென்றதும் அதனால்தான். அடுத்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் லூசி மெக்பாத் அதே ஹேண்டலை 3,000 வாக்குச் சொச்சத்தில் தோற்கடித்தார். 2020இல் வித்தியாசம் ஒன்பது புள்ளியானது. சுளித்த முகம் நிரந்தரமானதற்குக் காரணம் இருபதாண்டாக நடந்த குடியேற்றம். ஜார்ஜியா 400 நெடுஞ்சாலையை ஒட்டி ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் க்ரீக் ஊர்களில் கணினி நிறுவனங்கள் வர, அவற்றோடு தெலுங்கர்களும் தமிழர்களும் கொரியர்களும் வந்தார்கள். காப் கவுண்டியில் கறுப்பினத்தவர் பெருகினார்கள். மீன் விடத் துணிந்த அந்தக் கவுண்டி 2016இல் ஹிலாரி கிளின்டனுக்கு முன்னிலை கொடுத்தது, 1976க்குப் பிறகு முதன்முறையாக ஒரு ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளருக்கு. 2017இல் இறங்கிய கோடிகளையும் இதற்குக் காரணம் காட்டுவார்கள். அந்தக் கோடிகள் செலவான தேர்தலில் ஜனநாயகக் கட்சி தோற்றது; அதைவிடக் குறைவாகச் செலவழித்த தேர்தலில் வென்றது.

வலுவான மறுப்பு 2021இன் வரைபடம். இப்போது பேனா குடியரசுக் கட்சியிடம். மெக்பாத்தின் தொகுதியை வடக்கே இழுத்து ஃபோர்சைத் கவுண்டியையும் அதற்கும் அப்பால் மலையடிவாரத்து டாசன் கவுண்டியையும் சேர்த்தார்கள். புறநகரும் கிராமமும் கலந்த புதிய ஆறாவது தொகுதியில் 2022இல் குடியரசுக் கட்சியின் ரிச் மெக்கார்மிக் 62 சதவீதத்தில் வென்றார். கோடு வென்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். எவ்வளவு வென்றது என்று பார்த்தால், மெக்பாத் பக்கத்து ஏழாவது தொகுதிக்குப் போய் அங்கே ஜெயித்து சபையிலேயே இருந்தார். 2023 அக்டோபரில் ஸ்டீவ் ஜோன்ஸ் என்ற நடுவண் நீதிபதி, இவ்வரைபடம் வாக்குரிமைச் சட்டத்தை மீறுகிறது, அட்லாண்டாவின் மேற்கே கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதி ஒன்று வேண்டும் என்றார். டிசம்பரில் சட்டமன்றம் அப்படியே ஒன்றை வரைந்தது. அதைச் சரிக்கட்ட மெக்பாத்தின் ஏழாவது தொகுதியைக் கலைத்தது. மாநிலத்தின் 14 இடங்களில் குடியரசுக் கட்சிக்குச் சாதகமான ஒன்பதுக்கு ஐந்து என்ற பங்கு மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். புதிய தொகுதிக்குக் கிடைத்த எண் ஆறு. டக்ளஸ், ஃபயெட் கவுண்டிகளின் பகுதிகள், ஃபுல்டனின் தெற்குப் பக்கம் எல்லாம் அதற்குள் வந்தன; கிங்ரிச் 1978இல் வாக்குக் கேட்டு நடந்த வட்டாரங்கள். நாற்பதாண்டில் அங்கே கறுப்பின நடுத்தரக் குடும்பங்கள் வீடு வாங்கிக் குடியேறிவிட்டன. 2024இல் மெக்பாத்துக்கு அங்கே விழுந்தது கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு வாக்கு. மெக்கார்மிக் ஃபோர்சைத்தோடு சேர்ந்து ஏழாவது தொகுதிக்குப் போனார். 1912இல் கறுப்பினத்தவர் ஏறக்குறைய அனைவரையும் அடித்து விரட்டி, 1987இல் கூட ஊர்வலம் வந்தவர்கள் மீது கல்லெறிந்த கவுண்டி ஃபோர்சைத். அதன் மக்கள்தொகை 1990இல் 44,083, 2020இல் 2,51,283, அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஆசியர்.