ஏட்டில் உறங்கும் இசை

இசையைக் காகிதத்திற் பொதிந்து வைக்க மேனாட்டார் கண்ட வழிகளுள் ஒன்று, தானே இசைக்கும் பியானோவிற்குரிய காகிதச் சுருளாகும். சுருளிலுள்ள துளைகளின் வழியே காற்றுப் புகுந்து, உரிய கட்டைகளை இயக்கும். 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பஃபலோ நகரிற் கூடிய உற்பத்தியாளர், சுருளின் அகலம் 11¼ அங்குலமென வரையறுத்தனர். அதனால், ஒருவர் செய்த சுருளைப் பிறர் செய்த கருவியிலும் இசைத்தல் எளிதாயிற்று. நைந்துவரும் அத்தகைய சுருள்களுள் 7,000க்கு மேற்பட்டவற்றை 2014ஆம் ஆண்டிற் பெற்ற ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம், அவற்றைப் படம்பிடித்து, துளைகளின் இடத்தையும் நீளத்தையும் கணினியால் அளந்து மீண்டும் ஒலியாக்க முற்பட்டது. இசை துளைகளாய்ச் சுருளிலேயே அமைந்திருந்தமையால் இஃது இயன்றது.

நம் மலையகத்துப் பாட்டேடுகளின் நிலை வேறு. 1931ஆம் ஆண்டில் ஹட்டனைக் களமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியவர் கோ. நடேசய்யர். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களிற் பாடிய பாடல்கள் மக்களைத் தட்டியெழுப்பின. 1940இல் அவர் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பாட்டுநூலை வெளியிட்டார். எழுத்தறியாதாருக்குப் பாட்டே செய்தித்தாளாய் அமைந்த காலம் அது. அக்காலத்துப் பாட்டுப் பிரசுரங்கள் பலவற்றிற் சுரக் குறியீடு இராது. பலரறிந்த வேறொரு பாட்டின் முதலடியைத் தலைப்பிலிட்டு, 'என்ற மெட்டு' என்று குறிப்பதே வழக்கம். அந்தப் பழம்பாட்டு மறக்கப்பட்டதும் குறிப்பும் ஊமையாகின்றது. பூட்டு ஏட்டில் இருக்க, திறவுகோல் மக்கள் நினைவில் இருந்தது என்க.

லயங்களிலும் கொழுந்து மலைகளிலும் வழங்கிய பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவர்தம் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வெளிவந்தது. தாலாட்டும் ஒப்பாரியும் அதனாற் சொல்லளவில் நிலைபெற்றன. ஆயினும், மெட்டு அறிந்தோர் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்குமென வகுத்தது. அதன் விளைவாகக் கப்பலேறியோருட் பலர் நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளிற் குடியேறினர். ஒரே பாட்டின் ஏடு ஈழத்தில் இருக்க, அதனைப் பாடவல்ல குரல் கடலுக்கு அப்பால் ஒதுங்கியது.

2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம், மலையக நூல்களையும் இதழ்களையும் படியெடுத்துக் காத்து வருகின்றது. அது போற்றற்குரிய பணியே. எனினும், பியானோச் சுருளைப் படம்பிடித்தால் இசை மீளும்; பாட்டுப் புத்தகத்தைப் படம்பிடித்தாற் சொல் மட்டுமே மீளும். ஆதலின், ஏடு ஒவ்வொன்றுக்கும் துணையாக, அதனைப் பாடவல்ல முதியோரின் குரலையும், ஊரையும், மெட்டின் மூலப் பாட்டையும் பதிந்து சேர்த்தல் வேண்டும். தலவாக்கலையில் ஒரு பாட்டியும் கோத்தகிரியில் ஒரு பாட்டியும் ஒரே பாட்டைப் பாடக் கேட்டு ஒப்புநோக்கும் வாய்ப்பு இன்னும் சில ஆண்டுகளே இருக்கக்கூடும். கையிலுள்ள தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவியாகிவிட்ட இந்நாளில், மலையக மாணாக்கர் தம் விடுமுறையில் இப்பணியைத் தொடங்குவாராக.