கைப்பேசியும் அதன் பசியும்

ஆண்டாப் ஹில்லில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பின் வழியே மாலை வேளையில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். மாடி முகப்பில் நின்றுகொண்டு ஒருவர் சிதம்பரத்தோடு உரையாடுவார். மற்றொருவர் சங்கரன்கோவிலோடு உரையாடுவார். பிற மாநிலங்களில் வாழும் நமக்கு ஊர் என்பது இன்று பெரும்பாலும் கையிலுள்ள அந்தச் சிறு பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதன் பாட்டரி எதிர்பாராது தீர்ந்துபோவது நமக்கு வேடிக்கைச் செய்தி அன்று, வீட்டுச் செய்தி.

சென்ற மழைக்காலத்தில் எனக்கு அப்படி ஒன்று நேர்ந்தது. ஓர் இரவு என் கைப்பேசி தானாகவே ஒரு புதுப்பிப்பை ஏற்றுக்கொண்டது. ('அப்டேட்' என்று உலகோர் வழங்குவதை நான் புதுப்பிப்பு என்கிறேன். மொழிபெயர்ப்பாளனின் பழக்கம், நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.) காலையில் நூற்றுக்கு நூறு என்று காட்டிய மின்னூட்டம் பிற்பகல் இரண்டு மணிக்குள் வற்றிவிட்டது. கும்பகோணத்தில் என் தாயாரை மருத்துவமனையில் சேர்த்ததும் அன்றுதான். தமையனார் ஏழு முறை அழைத்திருக்கிறார். நான் வீடு திரும்பிப் பேசியை மின்னிணைப்பில் மாட்டிச் செய்தியைக் கண்டபோது, அன்றைக்குச் சென்னைக்குச் செல்லும் வண்டி போய்விட்டிருந்தது. இந்தச் சிறு துன்பத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டென்பதைப் பின்னரே அறிந்தேன்.

நம் தந்தையர் காலத்து டிரான்சிஸ்டர் வானொலியை எண்ணிப் பாருங்கள். அதன் பாட்டரி தளரும்போது பாடுவோரின் குரல் கம்மும். வீட்டார் அறிந்து, கடைக்கு ஆளனுப்புவர். வானொலிப் பெட்டியின் பசி அது விலைக்கு வந்த நாளில் எவ்வளவோ, கடைசி நாளிலும் அவ்வளவே. எங்கோ இருக்கும் ஒருவர் ஓரிரவில் அதை மாற்றிவிட இயலாது.

தொடக்க காலக் கைப்பேசிகளும் ஏறத்தாழ அவ்வாறே இருந்தன. 2003-ஆம் ஆண்டு வந்த நோக்கியா 1100-ஐ மறந்தவர் நம்முள் இருக்க மாட்டார். அதன் தலையில் டார்ச்சு விளக்கு இருந்தது. முதுகை நகத்தால் திறந்து பாட்டரியை எடுத்துவிடலாம். 2007 ஆகஸ்டில், பி.எல்-5சி என்னும் வகையில் ஏறக்குறைய 4 கோடியே 60 லட்சம் பாட்டரிகள் சூடேறக்கூடும் என்று நோக்கியா அறிவித்தபோது, மக்கள் மூடியைக் கழற்றி எண்ணைப் படித்துப் பார்த்தனர். பழுது எங்கே இருக்கிறது என்று கண்ணால் காணக்கூடிய காலம் அது.

நான்கே ஆண்டுகளில் நிலை மாறிற்று. 2011 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஐ.ஓ.எஸ். 5 என்னும் இயக்கமுறையை வெளியிட்டது. அதனோடு, கணினியின் துணையின்றிக் காற்றின் வழியாகவே கைப்பேசி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியும் ஐபோனுக்கு வந்தது. வந்த சில நாட்களிலேயே, பாட்டரி விரைந்து தீர்கிறது என்று முறையீடுகள் எழுந்தன. நிறுவனம் குறையை ஒப்புக்கொண்டு, நவம்பர் 10 அன்று 5.0.1 என்னும் திருத்தத்தை அனுப்பியது. புதுப்பிப்பால் வந்த நோய்க்கு மற்றொரு புதுப்பிப்பே மருந்தாயிற்று. இவ்வழக்கம் இன்றுவரை மாறவில்லை.

பழுது இயக்கமுறையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2015 அக்டோபரில் ஐபோன்களின் மின்னூட்டத்தைப் பேஸ்புக் செயலி அளவுக்கு மீறி உண்பதாகக் கண்டார்கள். அந்நிறுவனத்தின் பொறியாளர் ஆரி கிராண்ட் இரு காரணங்களை வெளிப்படையாகவே கூறினார். செயலியின் வலையிணைப்புப் பகுதி, விடை வந்ததா வந்ததா என்று ஓயாது வினவிச் செயலகத்தை உறங்கவிடாமல் வைத்திருந்தது. அஃதன்றி, காணொளியைப் பார்த்து முடித்து வெளியேறிய பின்னும் ஒலிக்கான வழி அடைபடாமல் இருந்தது. ஒலி ஒன்றும் கேட்கவில்லை. ஆயினும் ஒலிபரப்பு நடப்பதாகவே பேசி எண்ணிக்கொண்டிருந்தது. வானொலி நேயர்களுக்கு இதன் நகைச்சுவை விளங்கும்.

பழுதே இல்லாதபோதும் புதுப்பித்த முதல் ஓரிரு நாட்களில் பாட்டரி விரைந்து இறங்குவது இயல்பு. புதிய இயக்கமுறை வந்தவுடன் கைப்பேசி தன்னிடமுள்ள படங்கள், கடிதங்கள், முகவரிகள் அனைத்துக்கும் புதிய அட்டவணை எழுதத் தொடங்குகிறது. செயலிகளையும் புதிய அமைப்புக்கு இசையத் திருத்திக்கொள்கிறது. அலுவலகம் ஒன்றைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினால், முதல் வாரம் எழுத்தர்கள் விளக்கெரித்துக் கோப்புகளை அடுக்குவதில்லையா? அதைப் போன்றதே இது. நாம் திரையை அணைத்து உறங்கினாலும் உள்ளே வேலை நடக்கிறது.

இனி, பெரிதும் பேசப்பட்ட நிகழ்ச்சிக்கு வருவோம். இன்றைய பேசிகளில் உள்ளது லித்தியம் அயனி மின்கலம். 1991-இல் சோனி நிறுவனம் அதனை வணிகத்துக்குக் கொணர்ந்தது. அதற்கு அடிகோலிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019-இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு பெற்றனர். இம்மின்கலம் மூப்படையும்போது கொள்ளளவு குறைவதோடு, உள்தடையும் மிகுகிறது. கிழமாட்டை மேட்டுப் பாதையில் பாரவண்டி இழுக்கச் சொன்னால் முழங்காலிட்டு விழுவதுபோல, திடீரென்று மிகுந்த மின்னோட்டம் கேட்கும்போது மின்னழுத்தம் சரிகிறது. நூற்றுக்கு முப்பது மீதமிருப்பதாகத் திரை காட்டிக்கொண்டிருக்கையிலேயே பேசி அணைந்துவிடுகிறது. 2016-இல் ஐபோன் 6, 6எஸ் ஆகியவை இவ்வாறு அணைவதாகப் பலர் முறையிட்டனர்.

2017 ஜனவரியில் 10.2.1 என்னும் புதுப்பிப்பு வந்தது. அணைவது குறைந்தது, ஆனால் பழைய பேசிகள் மந்தமாயின. காரணம், மூத்த மின்கலத்தைக் கண்டால் செயலகத்தின் வேகத்தை அடக்கும்படி அப்புதுப்பிப்பில் எழுதியிருந்தார்கள். மாட்டைக் காக்க வண்டியை மெதுவாக ஓட்டினர், அதில் தவறில்லை. வண்டியில் இருந்தவருக்கு அதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதே குற்றம். பேசி பழுதாயிற்று என்றெண்ணிப் புதியது வாங்கியோர் எத்தனையோ பேர். ஆண்டு முடிவில், மின்கலத்தை மட்டும் மாற்றியவுடன் தம் பேசி மீண்டும் விரைவு பெற்றதை ஒரு பயனாளர் வெளியிட்டார். ஜான் பூல் என்னும் கனடா நாட்டு மென்பொருள் வல்லுநர், வேக அளவீடுகளைத் திரட்டி அதனை மெய்ப்பித்தார். டிசம்பர் 20 அன்று ஆப்பிள் உண்மையை ஒப்புக்கொண்டது. 28 அன்று மன்னிப்புக் கோரியது. மின்கலம் மாற்றும் கட்டணம் அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராகவும், நம் நாட்டில் 6,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாகவும் குறைக்கப்பட்டது, வரி தனி. 2018 மார்ச்சில் வந்த 11.3 புதுப்பிப்பு, மின்கலத்தின் நலத்தை உரியவரே பார்த்துக்கொள்ள வழி செய்தது.

அரசுகளும் வாளா இருக்கவில்லை. 2018 அக்டோபரில் இத்தாலி ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் தண்டம் விதித்தது. 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் ஆப்பிளுக்கு இரண்டரைக் கோடி யூரோ விதித்தது. பயனாளருக்குச் சொல்லாமல் மறைத்ததே பிரான்சு கண்ட குற்றம் என்பதை நோக்குக.

அண்மையில் இக்கதை புதிய திருப்பம் பெற்றது. 2025 ஜனவரியில் கூகுள், தன் பிக்ஸல் 4ஏ பேசிகளுக்கு ஒரு புதுப்பிப்பை அனுப்பிச் சிலவற்றின் மின்கலக் கொள்ளளவைத் தானே குறைத்தது; ஈடாக இலவச மின்கலமோ பணமோ தர முன்வந்தது. அதே ஆண்டு ஜூலையில் பிக்ஸல் 6ஏ பேசிக்கும், 400 மின்னேற்றச் சுழற்சிகளுக்குப் பின் கொள்ளளவைக் குறைக்கும் புதுப்பிப்பு வந்தது. சூடேறும் இடர் தவிர்க்கவே இது என்றனர். தீப்பற்றுவதைவிட விரைந்து தீர்வது மேல் என்பதை நானும் ஏற்கிறேன். எனினும், விலை கொடுத்து வாங்கிய பொருளை உரியவன் உறங்கும்போது மாற்றும் உரிமை வாணிகருக்கு எதுவரை உண்டு என்ற வினா இன்னும் தீரவில்லை.

நம் அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் தொடங்கிற்று. நான் சென்றது அங்கன்று. தாராவித் தொண்ணூறடிச் சாலையில் உள்ள ஒரு சிறு கடைக்கு. கடைக்காரர் திருநெல்வேலிச் சீமையினர். "நேற்றுத்தானே ஏறியிருக்கிறது, அண்ணாச்சி, இரண்டு நாள் பொறுங்கள். அதற்குப் பிறகும் இறங்கினால் வாருங்கள்" என்று சொல்லி, ஒரு காசும் பெறாது அனுப்பிவிட்டார். அன்றிரவே கும்பகோணம் புறப்பட்டேன். கைப்பேசி வழியெல்லாம் மின்னிணைப்பிலேயே கிடந்தது. தாயார் பத்து நாளில் எழுந்து நடமாடினார். திரும்பி வந்தபோதும் பேசி பிற்பகலைத் தாண்டவில்லை. கடைக்காரர் திறந்து பார்த்து, நான்காண்டுப் பழைய மின்கலத்தை மாற்றிக் கொடுத்தார். புதுப்பிப்பின் மிகுவேலை, முன்பே தளர்ந்திருந்த மின்கலத்தைக் காட்டிக்கொடுத்தது என்பது அவர் முடிவு.

முன்பு வீட்டில் தொலைபேசி இல்லாதோர், அண்டை வீட்டு எண்ணைப் பி.பி. எண் என்று குறித்து உறவினருக்குக் கொடுப்பது வழக்கம். தமையனார் இப்பொழுது எங்கள் எதிர்வீட்டுக்காரரின் எண்ணைக் கேட்டு வாங்கி, கும்பகோணத்து வீட்டில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதன் முன்னே பி.பி. என்றே போட்டிருக்கிறார்.