தணிகைச் சீமை – 9: ஓட்டுக்கு முன்னே வகுப்பு

சென்ற வாரம் செப்பேட்டோடு நிறுத்தியிருந்தோம். 1905இல் திருவாலங்காட்டில் கிடைத்த ராஜேந்திர சோழனின் 31 ஏடுகள், பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்தபோது பெண் யானையை நடக்கவிட்டு எல்லை குறித்ததைச் சொல்கின்றன. அந்த மண்ணின் எல்லை இருபதாம் நூற்றாண்டில் மறுபடி பேச்சுக்கு வந்தது. இந்த முறை நடந்தவர்கள் ஊர்ப் பிள்ளைகள்.

திருத்தணி தாலுகா அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உண்ணாவிரதத்திலேயே உயிர்விட, 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் அங்கே போனது. திருத்தணியும் திருவாலங்காடும் கூடவே போயின. விளைவைப் பாருங்கள். இந்தத் தாலுகாக்காரர் 1952இல் சென்னை சட்டசபைக்கு ஓட்டுப் போட்டார், 1955இல் ஆந்திர சட்டசபைக்குப் போட்டார், 1962இல் மறுபடி சென்னைக்கே போட்டார். வீடும் நிலமும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இந்த மாற்றத்தை மறுத்து நின்றவர்களில் ம.பொ.சி.யை எல்லோருக்கும் தெரியும். 1953 ஜூலையில் திருத்தணியில் தடையை மீறிக் கைதானார். வழக்கறிஞர் விநாயகம் உள்ளூரில் தோள் கொடுத்தார். மறியல், கைது, சிறை என்று போராட்டம் வளர்ந்தது. சிறைக்குப் போன தொண்டர்களில் இருவர் உயிரோடு திரும்பவில்லை. அவர்களில் ஒருவர் திருவாலங்காட்டுக்காரர். அன்று ஓட்டுரிமைக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். மறியலுக்கு யாரும் வயது கேட்கவில்லை.

ஆனால் என் மனம் நிற்பது மங்கலங்கிழாரிடம்தான். அரக்கோணத்தை ஒட்டிய புளியமங்கலம் அவர் ஊர். குருவராசப்பேட்டையில் அறநெறித் தமிழ்ச் சங்கம் வைத்து, ஊர் ஊராகப் போய்க் காசு வாங்காமல் தமிழ் சொல்லிக்கொடுத்தார். தெலுங்குப் பள்ளிக்கூடங்கள் பெருகியிருந்த பகுதி அது. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தே தெரியாமல் போகிற நிலை. உழவர், நெசவாளர் வீட்டுப் பையன்கள் அவரிடம் இலக்கணமும் இலக்கியமும் படித்தார்கள். பின்னால் எல்லைக் கூட்டம் கூட்டவும் ஊரைத் திரட்டவும் ஆள் தேவைப்பட்டபோது அவரிடம் படித்தவர்களே முன்னால் வந்தார்கள். ம.பொ.சி.யை இந்தப் பக்கம் அழைத்து வந்தவர்களிலும் அவர் ஒருவர்.

போராட்டத்தின் முதுகெலும்பு அந்த வகுப்புகள்தான் என்பது என் முடிவு. மறியல் சில வாரங்களில் ஓய்ந்துவிடும்; படிக்கத் தெரிந்த பிள்ளை மனு எழுதுவான், கணக்குக் கேட்பான், அடுத்த கூட்டத்துக்கும் வருவான். எல்லைக்காகப் பேசியவர்கள் கடைசியில் ஜெயித்தது காகிதத்திலும்தான். எந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் அதிகம் என்ற கணக்கை வைத்தே, எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கரின் ஏற்பாடு அமைந்தது. 1959இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதி நம்மோடு சேர்ந்தது. திருப்பதியும் சித்தூரும் வரவில்லை. அந்த வருத்தம் இங்குள்ள பெரியவர்களிடம் இன்றும் உண்டு. தாலுகா சேர்ந்த அந்த நாளை மங்கலங்கிழார் பார்க்கவில்லை, 1953இலேயே மறைந்துவிட்டார்.

ஓட்டுரிமை வயது 18 ஆகக் குறைய 1989 வரை ஆனது. 1953இல் ஓட்டில்லாமலே சிறைக்குப் போன பையன்கள் அப்போது ஐம்பதைக் கடந்திருப்பார்கள்.

திருவாலங்காட்டிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வாக்காளர் பட்டியலில் சேர இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உண்டு. 17 முடிந்தாலே படிவம் 6ஐ முன்கூட்டிக் கொடுக்கலாம். உங்கள் ஊர் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். அப்படியே கிராமசபைக்கும் போய் உட்காருங்கள்.

(தொடரும்)